பூஜையில் இருந்த வன்னி விதைகள்

ராஸ் அல் கைமாவில் போர்ச்சுகீசு பேசத் தெரிந்த தமிழச்சி எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். பேச எதிராளி இல்லாத ஊரில் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கல்யாணமான கையோடு வீட்டுக்காரரின் வேலைக்காகக் கோயம்புத்தூரிலிருந்து மொசாம்பிக் போனோம். அங்கே காய்கறிச் சந்தையில் பேரம் பேசிப் பேசியே அந்த மொழி நாக்கில் ஏறியது. பிறகு வகுப்புக்குப் போய் எழுத்தையும் பிடித்துக்கொண்டேன். வேளாண்மை படித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு உரம், பூச்சிமருந்து, விதை என்று ஆங்கிலத்துக்கும் போர்ச்சுகீசுக்கும் நடுவே மொழிபெயர்ப்பு வேலைகள் வந்தன. அப்புறம் அவருக்கு இங்கே டைல்ஸ் ஃபேக்டரியில் வேலை கிடைத்தது, மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். எழுத்து வேலை மெயிலில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. பேச்சுதான் நின்றுபோனது. மறந்துவிடக் கூடாதே என்று குளியலறையில் என்னை நானே போர்ச்சுகீசில் திட்டிக்கொள்வேன்.

டாக்டரை நான் கண்டுபிடித்தது மலையாளிக் கடையில், கப்பைக்கிழங்குக் கூடைக்குப் பக்கத்தில். உயரமான, நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டிய ஒரு பெண்மணி ஒரு கையில் கிழங்கையும் மறு கையில் போனையும் வைத்துக்கொண்டு, "இங்கேயும் இருக்குதடி, இங்கேயும் இருக்குது!" என்று போர்ச்சுகீசில் யாரிடமோ கூவிக்கொண்டிருந்தார். "அது நல்ல கிழங்கு இல்லை, அடியில் இருப்பதை எடுங்கள்" என்று நான் அதே மொழியில் சொன்னேன். போனைக் கட் செய்யாமலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் பொரி வாங்கப் போனவள் பொரியை விட்டுவிட்டு வந்தேன்.

அவர் பிரேசில்காரர், விதை ஆராய்ச்சி செய்கிறவர். இங்கே மலையடிவாரத்தில் ஒரு கல்குவாரிக் கம்பெனி, தோண்டின இடத்தில் மறுபடியும் செடிகொடி வளர்ப்பதற்காக ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருந்தது. அதில் உள்ள குளிர்ந்த விதை அறைக்கு அவர்தான் பொறுப்பு. நான் அவரை டாக்டர் என்பேன். அவர் என்னைக் கெரிதா என்பார், அன்பானவளே என்று அர்த்தம். மொசாம்பிக்கில் மீன் விற்கிறவள்கூட எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாள் என்று தெரிந்திருந்தும், ஒவ்வொரு தடவையும் எனக்கு அது இனித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். மேசை வேண்டாம், நாங்கள் எப்படிச் சாப்பிடுவோமோ அப்படித்தான் தானும் சாப்பிடுவேன் என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ரசம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. எழுந்திருக்கப் பார்த்தவர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு, "டோர்மென்சியா! டோர்மென்சியா!" என்று கத்தினார். அது என்ன வியாதியோ என்று வீட்டுக்காரர் தைலத்தை எடுக்க ஓடினார்.

"ஏனுங்க, பதறாதீங்க. கால் மரத்துப்போச்சாம்," என்றேன்.

டாக்டர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே விளக்கம் சொன்னார். அவர்கள் மொழியில் காலுக்கும் விதைக்கும் ஒரே சொல்தான். உயிரோடு இருந்தும் முளைக்காத விதையின் நிலைமையை அறிவியலில் டோர்மென்சியா என்பார்கள். மரத்துப்போன காலுக்கும் அதே பெயர். "ரெண்டும் உயிரோடுதான் இருக்கிறது கெரிதா. நம் பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்," என்று சிரித்தார். பிறகு கால் குறுகுறுக்க ஆரம்பித்ததும், "கொஞ்சம் பொறு, வருகிறது, வருகிறது," என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நானும் வீட்டுக்காரரும் அந்தக் கால் வந்துசேரும் வரைக்கும் பயபக்தியோடு காத்துக்கொண்டிருந்தோம்.

இந்தச் சொல்தான் பிற்பாடு எங்களைப் படாதபாடு படுத்தியது.

குவாரிக்குப் போகும் வழியில் தனியாக ஒரு மரம் நின்றிருந்தது. அரபியில் காஃப் என்பார்கள். அதன் லத்தீன் பெயரை டாக்டர் சொன்னதும் நான் துள்ளிக் குதித்தேன். நம்முடைய வன்னிதான் அது. கோயிலில் சுற்றிவந்து கும்பிடுகிற அதே வன்னி. டாக்டர் இங்கே வந்த புதிதில், பேச ஆளில்லாத நாட்களில், மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் அதன் நிழலில்தான் உட்காருவாராம். பிறகு பாதையை அகலப்படுத்தினார்கள். மரத்தை வேரோடு எடுத்து வேறிடத்தில் பக்குவமாகத்தான் நட்டார்கள், ஆனால் அது பிழைக்கவில்லை. அதற்கு முந்தைய கோடையில் டாக்டர் தன் கையால் பொறுக்கிய நெற்றுகளின் விதை மட்டும் ஒரு சின்ன ஜாடியில் மிச்சம். அதில் கொஞ்சத்தைக் குளிர்காலத்தில் விதைத்துப் பார்த்தார். ஒன்றும் முளைக்கவில்லை.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் விதை அறையைக் கல் மாதிரிகள் வைக்கும் அறையாக மாற்றப் பேச்சு எழுந்தது. உயிரோடு இருக்கிற விதைகளை மட்டும் வேறிடத்துக்கு அனுப்பலாம், மற்றதையெல்லாம் வருடக் கடைசிக்குள் அகற்றிவிடலாம் என்று முடிவு. எது எப்படி இருக்கிறது என்று டாக்டர் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை தர வேண்டும். அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆனால், "படிப்பதை எந்த மொழியிலும் படிப்பேன். என் மரத்தைப் பற்றி வேறு மொழியில் எழுத எனக்கு வராது," என்று போர்ச்சுகீசில் எழுதி என்னிடம் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு சின்னக் கவரில் ஜாடியிலிருந்து கொஞ்சம் விதைகளையும் போட்டுக் கொடுத்தார். மொழிபெயர்க்கும்போது எதைப் பற்றி எழுதுகிறோம் என்று மறக்காமல் இருக்க, அது என் கண்முன்னே மேசையில் இருக்க வேண்டுமாம்.

"அந்த ஜாடி குப்பைக்குப் போனால் நானும் ஊருக்குப் போய்விடுவேன் கெரிதா. அப்புறம் எனக்கு இங்கே என்ன இருக்கிறது?" என்றார். நான் இருக்கிறேனே என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அந்த ஜாடி எனக்கும் உயிராகிவிட்டது. அவர் போய்விட்டால் நான் மறுபடியும் குளியலறைப் போர்ச்சுகீசுக்குத்தான் திரும்ப வேண்டும்.

நாங்கள் வேலை செய்த விதம் இதுதான்: நான் ஒரு பத்தியை ஆங்கிலத்தில் எழுதி வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மூலத்தைப் பார்க்காமல் தன் மொழியில் திருப்பிச் சொல்வார். போனது போலவே திரும்பி வந்தால் சரி. வழியில் கையோ காலோ உடைந்து வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. வன்னிப் பத்தி வரும்வரை எல்லாம் சுகமாகத்தான் போய்வந்தது. "இந்த விதைகள் டார்மன்டாக இருக்கின்றன" என்று, டோர்மென்சியாவுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லைப் போட்டு வாசித்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"இந்த ஆங்கிலச் சொல்லில் என் கால் இல்லையே."

உண்மைதான். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் விதை ஆராய்ச்சி செய்கிறவருக்கு விதை ஞாபகம் வரும். ஆபீஸில் இருக்கிறவருக்கு யாரும் தொடாமல் தூசி படிந்த ஃபைல் ஞாபகம் வரும். கல்ஃபில் இருக்கிற பாதிப் பேருக்கு, ஊரில் உள்ள வங்கி அனுப்புகிற 'உங்கள் கணக்கு டார்மன்ட் ஆகிவிட்டது' என்கிற அறிவிப்பு ஞாபகம் வரும். குறுகுறுவென்று உயிர் திரும்பிவரும் என்கிற நினைப்பு யாருக்கும் வராது.

தூங்குகிற விதை என்று போடலாமா என்றேன். குழந்தைகளுக்குக் கதையா சொல்கிறோம் என்றார். ஓய்வில் இருக்கிறது என்றேன். "எதிலிருந்து ரிட்டயர் ஆனது?" என்றார். காத்திருக்கிறது என்றேன். "எதற்கு, பஸ்ஸுக்கா?" கடைசியில் அவர் கையை விரித்துவிட்டார். உலகம் முழுவதும் விதைக்காரர்கள் ஒத்துக்கொண்ட சொல் அது; அதை மாற்றினால் அவர் மதிப்பு என்னாவது?

இந்தப் பக்கம் கம்பெனியின் நிர்வாக மேனேஜர். அவர் நம்மவர், கும்பகோணம் பக்கம். விதை அறை காலியாவதும் காலியாகாததும் அவர் கையில்தான் இருந்தது. அறிக்கையின் முதல் வரைவைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"மேடம், அந்த டார்மன்ட்ங்கற வார்த்தை மட்டும் வேணாம். எங்க சிஸ்டத்துல டார்மன்ட்னு போட்டா வருஷக் கடைசில அது தானா குளோஸ் ஆயிடும். உயிரோட இருக்குன்னா ஆக்டிவ்னு போடச் சொல்லுங்க. செத்துப்போச்சுன்னா செத்துப்போச்சுன்னு போடச் சொல்லுங்க. நடுவுல நான் எங்க எழுதறது?"

இதை டாக்டரிடம் சொன்னால், முளைக்காததை ஆக்டிவ் என்று எப்படிப் பொய் எழுதுவது என்று அவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். மேனேஜரிடம் போனால் அவரும் என்னிடமே பாய்ந்தார். இரண்டு பேருமே நல்லவர்கள், இரண்டு பேருமே பிடிவாதக்காரர்கள். நடுவில் நான் இரண்டு பாஷையிலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அறிக்கை கொடுக்க வேண்டிய கடைசி நாள் சரஸ்வதி பூஜையன்று வந்து சேர்ந்தது. மற்றதெல்லாம் முடிந்திருந்தது. அந்த ஒரு வாக்கியம்தான் பாக்கி. சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒரு வழி பிறக்கும் என்கிற நம்பிக்கையில், காலையில் வாழையிலையும் பழமும் வாங்கக் கடைக்குப் போனேன். வீட்டுக்காரருக்கு அன்றைக்கு ஆஃப். பூஜைக்குப் புத்தகங்களை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால், சாமி படத்துக்கு முன்னால் என் அகராதிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. அதன்மேல் என் லேப்டாப். அதன்மேல் டாக்டரின் மூலப் பிரதி. எல்லாவற்றுக்கும் உச்சியில் விதைக் கவர். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். லேப்டாப்புக்குச் சாமந்திச் சரம்கூடப் போட்டிருந்தது. விளக்கேற்றிக் கற்பூரமும் காட்டியாகிவிட்டது. பக்கத்தில் மனுஷன் குளித்து விபூதி பூசி, பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க! இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அனுப்போணும்னு நேத்து எத்தன தடவ சொன்னேன்?"

"நீதான புஸ்தகத்த வெய்யின்னு சொன்னே? உன்ற புஸ்தகமெல்லாம் அதுக்குள்ளதான இருக்குது?"

எனக்கு ஆத்திரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரும் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "செரி செரி, எடுத்துக்கோ. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது," என்றார். நான் எதற்கும் கேள்வி கேட்கிறவள்தான். சாமியிடமே சண்டை போடுகிறவள். கையை நீட்டினேன். குங்குமப் பொட்டு வைத்த அந்த லேப்டாப் மூடியைப் பார்த்ததும் கை தானாகத் திரும்பி வந்துவிட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடுவதில்லை. எங்கள் வீட்டில் நான் பிறந்ததிலிருந்து யாரும் தொட்டதில்லை. போன் மட்டும்தான் வெளியே இருந்தது. அதற்கு மட்டும் எல்லா வீட்டிலும் சரஸ்வதி விலக்கு கொடுத்திருக்கிறாள் போலிருக்கிறது.

மதியம் அந்தப் போன் அடித்தது. மேனேஜர்.

"என்ன மேடம், மெயில் இன்னும் வரலையே?"

நெட் போய்விட்டது என்று சொல்லத்தான் தயாராக இருந்தேன். வாயில் வந்தது வேறு.

"சார்... பூஜையில இருக்குதுங்க."

"எது, ரிப்போர்ட்டா?"

"ரிப்போர்ட், லேப்டாப், டிக்‌ஷனரி, விதை, எல்லாமேதானுங்க."

"விதையுமா?"

"ஆமாங்க. வன்னி விதை."

"வன்னியா? டாக்டர் மேடம் காஃப்னு இல்ல எழுதியிருந்தாங்க?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்க சார்."

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "எங்க ஊர்ல நாளைக்கு சாமி குதிரையில வந்து வன்னி மரத்துக்குத்தான் அம்பு போடுவாரு. சரி விடுங்க. எங்க வீட்லயும் என் லேப்டாப்ப வாங்கி வெச்சுட்டாங்க, நானே போன்லதான் வேல பாத்துட்டிருக்கேன். பூஜையில இருக்கறத யாரு எடுக்கச் சொல்றது? நாளைக்கு எடுத்து அனுப்புங்க."

அவ்வளவுதான். கம்பெனியையே ஆட்டிவைக்கிற மனுஷன் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

டாக்டர் அப்படி விடுவாரா? நான் அறிக்கையை அனுப்பவில்லை என்று தெரிந்ததும் காரை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே நுழைந்து, மாலை போட்ட லேப்டாப்பைப் பார்த்து, "ஐயோ, இதற்கு என்ன ஆயிற்று?" என்றார்.

ஒன்றும் ஆகவில்லை என்றேன். கெட்டுப்போய்விட்டதா என்றார். இல்லை. அப்படியானால் திறந்தால் என்ன? திறக்கக் கூடாது. யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, நாங்கள்தான் வைத்தோம். ஆராய்ச்சிக்காரர் இல்லையா, விடாமல் கேட்டுக்கொண்டே போனார். எப்போது எடுப்பீர்கள்? நாளைக் காலை, மறுபூஜை முடிந்ததும்.

"நாளைக் காலை நீ மறந்துவிட்டால்?"

"மறக்கவே கூடாது டாக்டர். எடுத்து, திறந்து, ஒரு பக்கமாவது வாசித்தே தீர வேண்டும். அப்போதுதான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. வைப்பதைவிட எடுப்பதுதான் முக்கியம்."

நாற்காலியில் உட்கார்ந்து சுண்டலை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார். ஒரு கொண்டைக்கடலையை விரலில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கெரிதா, விதை எந்த நிலைமையில் இருக்கிறது என்று மட்டும்தான் நான் எழுதியிருக்கிறேன். எப்போது எடுக்க வேண்டும், யார் எடுக்க வேண்டும், எடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அது தெரியும், அதனால் எல்லோருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன். நாம் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறோம். பாவம், அந்த மனிதர் கேட்டதில் என்ன தப்பு?"

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் சமயம் பார்த்து, எல்லாம் தன்னால்தான் நடந்தது என்பதுபோல் இன்னும் கொஞ்சம் சுண்டல் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் காலை பூஜை முடிந்து எல்லாவற்றையும் எடுத்தேன். புத்தகத்துக்குப் பதிலாக டாக்டரின் மூலப் பிரதியில் வன்னிப் பத்தியைச் சாமி முன்னால் சத்தமாக வாசித்தேன். சரஸ்வதிக்குப் போர்ச்சுகீசு தெரியாமலா இருக்கும்? பிறகு லேப்டாப்பைத் திறந்து, டார்மன்ட் என்கிற சொல்லை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த வரியை டாக்டர் போனில் சொல்லச் சொல்ல எழுதினேன். மார்ச் மாதம் மண் சூடு பிடித்ததும் ஒவ்வொரு விதையின் தோலையும் கையால் லேசாகத் தேய்த்துத் திறந்து, ஊறவைத்து, விதைக்க வேண்டும். அதுவரை இவற்றைத் தொடக் கூடாது. அந்த வேலையை இன்னார் செய்வார். வாசித்துக் காட்டினேன். அவர் தன் மொழியில் திருப்பிச் சொன்னார். இந்தத் தடவை கால் கை எல்லாம் முழுசாகத் திரும்பி வந்தது.

மேனேஜர் அன்றைக்கே கூப்பிட்டார். "டார்மன்ட்னே போட்டு அனுப்பிட்டீங்களே மேடம்."

"அடுத்த வரியப் படிங்க சார்."

படித்தார். "சிஸ்டத்துல ஹோல்டுன்னு ஒண்ணு இருக்கு. தேதி போட்டா அதுவரைக்கும் யாரும் கை வெக்க மாட்டாங்க. மார்ச்சுன்னு போட்டுக்கறேன். ஆடிட்டர் வந்து ஏன்னு கேட்டா நான் என்ன சொல்றது, பூஜையில இருக்குன்னா?" என்று முனகினார். கல் மாதிரிகளுக்கு வேறு ஷெட் கிடைத்தது. ஜாடி இருந்த இடத்திலேயே இருந்தது. டாக்டரும் இருந்தார்.

மார்ச் வந்தது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நகம் தேய்க்கும் அரத்தை வைத்து ஒவ்வொரு விதையாக நாங்கள் இரண்டு பேரும் தேய்த்தோம். ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் போர்ச்சுகீசில்தான். என் வாழ்க்கையில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். பிறகு தட்டுகளில் விதைத்தார். ஒரு வாரம் போனது, ஒன்றும் தெரியவில்லை. மேலும் சில நாட்கள் போயின. டாக்டரின் முகத்தைப் பார்த்து, நான் கேட்பதையே நிறுத்திவிட்டேன்.

ஒரு நாள் காலை மேனேஜரிடமிருந்து போன். தினமும் டியூட்டிக்குப் போகும் வழியில் அந்த மனுஷன் நாற்றுப்பண்ணையில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"மேடம்," என்றார். "எந்திரிச்சிடுச்சு."

வீட்டுக்காரரை வண்டி எடுக்கச் சொல்லி ஓடினேன். டாக்டர் எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தார். தட்டுக்குப் பக்கத்தில் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மண்ணைப் பிளந்து நின்ற மூன்று பச்சைத் தலைகளை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார், கால் வரவில்லை. நானும் மேனேஜரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நிறுத்தினோம். அவர் அழுதுகொண்டே சிரித்தார். மேனேஜர் பதறிப்போய், மேடத்துக்கு என்ன ஆச்சு என்று என்னிடம் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் டாக்டர் எங்கள் இரண்டு பேர் தோளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறு," என்றார். "வருகிறது, வருகிறது."